உழவு மிசின் பெட்டியிலிருந்து பார்த்த திரை: வன்னியில் மூடப்பட்ட ஒரு வெட்டவெளிப் படக்காட்சியின் நினைவுகளைத் தொகுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கே வன்னியில், ஏ-9 வீதிக்கு மேற்கே, அக்கராயன் பக்கம், குளத்து நீரை நம்பி வயல் செய்யும் கிராமம் ஒன்று. அங்குள்ள சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் காணியில் இரவுகளில் படம் ஓடியது. பிள்ளைகுட்டிகளோடு உழவு மிசின் பெட்டியில் வந்து, பெட்டியை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போன குடும்பங்கள் இன்றும் அயலில் இருக்கின்றன.

சித்திரை வருடப் பிறப்பையொட்டி அதே காணியில் மீண்டும் ஒரு திரை கட்டி, வாசிகசாலைக்கு நிதி சேர்க்கலாம் என்பதே நிலைய நிர்வாகத்தின் முதல் யோசனை. அதற்கான கூட்டத்தில், அந்தப் படக்காட்சி எந்த ஆண்டு நின்றது என்பதில் வயதானவர்களுக்கிடையே வாக்குவாதம் மூண்டது. சிலர் 1998 என்றார்கள். வேறு சிலர் 2006 என்றார்கள். 1996இல் இடம்பெயர்ந்து வந்து சேர்ந்த ஒருவர், தான் வந்தபோதே அது இல்லை என்றார். திரை கட்டுவதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் நினைவுகளைத் தொகுப்பது என்று முடிவாயிற்று. நிர்வாகத்தினர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் சிலர், றேடியோ, ரிவி திருத்தும் ஒருவர் ஆகியோர் சேர்ந்து ஒரு குழுவானார்கள்.

வாகனத்தில் இருந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கு அமெரிக்காவில் தொடங்கியது. ரிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 யூன் 6ஆம் திகதி நியூஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரில் முதலாவது டிரைவ்-இன் திரையரங்கைத் திறந்தார். பின்வரிசைக் கார்களுக்கு முன்வரிசை மறைக்காமலிருக்க, காரின் முன்சில்லை உயர்த்தி நிறுத்தும் மண்மேடுகளை அவர் அமைத்தார். 1950களின் பிற்பகுதியில் அந்நாட்டில் இத்தகைய அரங்குகள் 4,000 வரை இருந்தன. காணி விலை ஏறியதும், கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளியதால் இருட்ட நேரமானதும் அவை மூடப்பட்டதற்கான காரணங்களில் சில. வன்னிக்கு இந்த இரண்டு பிரச்சினையும் இருந்ததில்லை. ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் வருடம் முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்து, அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும். ஏழு மணிக்குத் தாராளமாகப் படம் தொடங்கலாம். இங்கே தட்டுப்பட்டது மின்சாரமும் எரிபொருளும். 1990களில் மின்வலையமைப்பு இல்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் தங்க விலைக்குப் போயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது.

முதற்சுற்று: பயன்படாத வினாத்தாள்

மாணவர்கள் வீடு வீடாகக் கொண்டு சென்ற தாளில், அந்தப் படக்காட்சி பற்றி உங்களுக்கு நினைவிருப்பவற்றைக் கூறுங்கள் என்று கேட்டிருந்தது. வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. "அப்ப நல்ல சந்தோசம், தம்பி." "சனமெண்டா அப்பிடிச் சனம்." "இப்பத்தைய பிள்ளையளுக்கு அது விளங்காது." இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த ஊரின் எந்தக் கொட்டகைக்கும் இதே வரிகள் பொருந்தும்.

மாற்றம் தற்செயலாக வந்தது. ஒரு வீட்டில் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது, குழுவிலிருந்த திருத்துநர், "அண்ணை, ஜெனரேற்றர் எங்க வச்சிருந்தது? சத்தம் கேக்கேல்லையோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். வீட்டுக்காரர் எழுந்து முற்றத்துக்கு வந்து, கையை நீட்டி, கிடங்கு வெட்டி அதற்குள் இறக்கியிருந்தது, மேலே மண்மூடை அடுக்கியிருந்தது, புகை போகக் குழாய் ஒன்று பூவரசு வேலிக்கு அப்பால் விட்டிருந்தது என்று கால் மணித்தியாலம் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் எண்ணெய் விட்டார்கள் என்பதும் வந்தது.

அன்றிலிருந்து வினாத்தாள் கைவிடப்பட்டது. பதிலாகப் பொருட்களைப் பற்றிய கேள்விகள் மட்டும்: எதில் வந்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், ரிக்கற் எப்படி இருந்தது, காசா வேறேதுமா கொடுத்தீர்கள், திரை எதனால் ஆனது, படம் இடையில் ஏன் நின்றது. நல்ல நினைவு, கெட்ட நினைவு என்று யாரிடமும் கேட்கப்படவில்லை.

ஆண்டுகளைப் பொருத்திய விதம்

வன்னியில் ஒருவரிடம் எந்த வருடம் என்று கேட்டால் தடுமாறுவார். எந்த இடப்பெயர்வுக்கு முன், எந்த இடப்பெயர்வுக்குப் பின் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். ஆகவே ஒரு நீளக் காகிதத்தில் கோடு கீறி, எல்லோரும் அறிந்த நிகழ்வுகளை ஆணி அடித்தாற்போல் குறித்தார்கள்: 1995 ஐப்பசி யாழ்ப்பாண இடப்பெயர்வு, 1996 ஆடி தொடக்கம் புரட்டாதி வரையான கிளிநொச்சி இடப்பெயர்வு, 1997 வைகாசியில் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை, 1998 புரட்டாதியில் கிளிநொச்சி மீண்டும் கைமாறியது, 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை, சித்திரையில் யாழ்ப்பாணம் வரை பாதை திறப்பு, 2004 மார்கழி சுனாமி, 2006 ஆவணியில் முகமாலையில் பாதை பூட்டு. சொல்பவர் தன் நினைவை இந்தக் கோட்டில் விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

படங்களின் பெயர்களும் உதவின, ஒரு பக்கமாக மட்டும். ‘படையப்பா’ வெளியானது 1999 சித்திரையில். அதைக் கிளிநொச்சியால் இடம்பெயர்ந்து வந்த அடுத்த வருடம் பார்த்ததாக ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது நடந்திருக்க முடியாது. வெளியான திகதி, அதற்கு முன் இல்லை என்பதை மட்டும் காட்டும். நாடா வன்னிக்கு வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை அது சொல்லாது. இதை மறந்து ஒரு மாணவர் வெளியீட்டு ஆண்டையே காட்சி ஆண்டாக எழுதிய பக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன.

கோட்டில் விழுந்த புள்ளிகள் ஒரே திரளாக இல்லை. 1996 முதல் 1999 வரை ஒரு திரள், பிறகு வெறுமை, 2003 முதல் 2006 வரை இன்னொரு திரள். முரண்பாட்டின் முடிச்சு இங்கே அவிழ்ந்தது. ஒரே காணியில் இரண்டு படக்காட்சிகள் இருந்திருக்கின்றன. முதலாவது, கிடுகு வேலி அடைத்த வளவுக்குள் மேசையில் வைத்த ரிவியும் வீடியோ நாடா ஓட்டும் டெக்கும். இரண்டாவது, வேலி இல்லாத வெளியில் சீலைத்திரையும் புரொஜெக்டரும். நடத்தியவர் ஒருவரே என்பதால் ஊரார் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இரண்டையும் பிரித்தறிய மிகவும் உதவிய கேள்வி, படம் இடையில் ஏன் நின்றது என்பதுதான். முதற்கட்டத்தில் நின்றது எண்ணெய்க்காக. சிறிய ஜெனரேற்றர் மணித்தியாலத்துக்கு அண்ணளவாக அரை லீற்றர் குடிக்கும். தாங்கி இரண்டரை லீற்றர் சொச்சம். ஐந்து மணித்தியாலத்தில் தாங்கி வற்றும். விடிய விடிய மூன்று படம் போட்ட இரவுகளில் அது சரியாக இரண்டாவது படத்தின் கடைசிச் சண்டையில் போய் விழும். பலர் தனித்தனியாக இதையே சொன்னார்கள், கணக்கும் ஒத்துவந்தது. இரண்டாம் கட்டத்தில் நின்றது பெரும்பாலும் தட்டு மாற்ற. விசிடி தட்டு ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, நீளமானதென்றால் மூன்று. எண்ணெய் என்று சொன்னவர் முதலாவதைப் பார்த்தவர், தட்டு என்று சொன்னவர் இரண்டாவதைப் பார்த்தவர் எனக் கண்டுகொள்ள முடிந்தது.

முதற்கட்டத்தின் இயந்திர வேலை

ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்ட மெக்கானிக் இப்போதும் அயற்கிராமத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடமிருந்து பதிவானது இது. பெற்றோல் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓடவைக்க, முதலில் கொஞ்சம் பெற்றோலில் இயக்கிச் சூடேற்ற வேண்டும். சேலைன் போத்தல் ஒன்றில் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் மெல்லிய குழாயால் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பலாம். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். மறந்தால் காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் எவ்வளவு கயிறு இழுத்தாலும் பிடிக்காது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாததால் பிளக்கில் கரி படியும்; எரியாத எண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பெற்றோலில் ஓடுவதற்கு மாற்றும் இடைவெளியில் பாதிக்கே ஒயில் மாற்றியதாக அவர் சொன்னார். சுமை ஏறி இறங்கும்போது வோல்ற்றளவு ஆடி, ரிவியில் படம் நான்கு ஓரத்தாலும் சுருங்கி விரியும். அதைப் பேய் என்று நினைத்த சின்னப் பிள்ளைகள் இப்போது பெற்றோர்.

அனுமதிக்குக் காசு வாங்கியதோடு, போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டு வந்தாலும் உள்ளே விட்டார்கள். ஒரு படத்துக்கு ஒன்றரை லீற்றர் போதும் என்பதால், சில குடும்பங்கள் சேர்ந்தாலே எண்ணெய்ச் செலவு அடைந்துவிடும். வளவின் மூலையில் பதுங்கு குழி இருந்தது. விமான இரைச்சல் கேட்டால் முதலில் அணைவது ரிவி, பிறகுதான் சனம் எழும்பும். ஜெனரேற்றர் கிடங்குக்குள் இருந்ததால், வேலிக்கு வெளியே ஆள் நிறுத்தி வானத்தைக் கேட்கச் சொல்வதும் நடைமுறையாக இருந்திருக்கிறது.

எந்தப் படம் காட்டலாம், எந்தக் காட்சி வெட்டப்பட்டது என்ற பேச்சு வந்ததும் சிலர் ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி எழுத்திலும் இல்லை.

இரண்டாம் கட்டம்: திரையும் வெளியும்

காணியை அளக்குமுன் விதானையாரிடம் கேட்டு, கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தான் என்பது உறுதிசெய்யப்பட்டது. அப்படியிருந்தும் எங்கும் தோண்டவில்லை. திரையைத் தாங்கிய பனங்குற்றிகளில் ஒன்றின் அடி மண்ணோடு மட்டமாக நிற்கிறது. மற்றது நின்ற குழி பதிந்து கிடக்கிறது. இடைத்தூரம் 18 அடி. திரை 16 அடி அகலமும் 12 அடி உயரமும் என்று தைத்தவரின் மகள் சொன்னதோடு இது பொருந்துகிறது. 36 அங்குல அகலமுள்ள வெள்ளைச் சீலையில் நான்கு துண்டு, ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடையாக மூட்டியது. ஆகவே திரையில் மூன்று தையல் வரி. நெருங்கிய காட்சிகளில் மேல் வரி நடிகரின் நெற்றியிலும் நடுவரி மூக்கிலும் விழும். இதைக் கேட்காமலே சொன்னவர்கள் முன்னால் பாய் விரித்து இருந்தவர்கள். பின்னால் உழவு மிசினில் இருந்தவர்களுக்கு வரி இருந்ததே தெரியாது.

திரை காணியின் மேற்கு எல்லையில் கிழக்கு நோக்கி நின்றது. அதுதான் சரி. மேற்குப் பார்த்து வைத்தால் சாய்கிற வெயில் சீலையில் விழுந்து, இருட்டிய பின்பும் அடிவான வெளிச்சம் படத்தை வெளிறச் செய்யும். புரொஜெக்டர் 2,000 லூமென் வகை. 192 சதுர அடிக்கு அதைப் பரப்பினால் சதுர அடிக்குப் பத்து லூமென் சொச்சம்தான் ஒளி. ஒற்றைச் சீலை ஒளியில் ஒரு பங்கைப் பின்னால் விட்டுவிடும். நிலவு காலத்தில் படம் மங்கல் என்று பலர் சொன்னது இதனால்தான். அமாவாசையை ஒட்டிய நாட்களில் சனம் கூடியதாம்.

பின்னால் கசிந்த ஒளிக்கும் பார்வையாளர் இருந்தார்கள். காசு கொடுக்க முடியாத பெடியள் திரைக்குப் பின்புறம், பற்றை ஓரமாக இருந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் இடம்வலமாகத் தெரிந்திருக்கிறது. அவர்களுள் ஒருவர், கதாநாயகன் இடக்கையால்தான் அடிப்பார் என்று நெடுங்காலம் நம்பியிருந்ததாகச் சொன்னார். இன்னொருவர், எழுத்தோட்டத்தைத் தலைகீழாக அல்ல, பின்பக்கமாக வாசிக்கப் பழகியதை மண்ணில் விரலால் எழுதிக் காட்டினார்: ‘க’வின் வளைவு மறுபக்கம் திரும்பியிருந்தது. வயது நாற்பதைத் தொடும் ஒருவரின் விரல் அதைத் தயங்காமல் எழுதியது.

நிறுத்தும் ஒழுங்கு யாரும் வகுக்காமலே அமைந்திருந்தது. முன்னால் பாய், அடுத்து சைக்கிளும் மோட்டார் சைக்கிளும், பிறகு லான்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு மிசின், கடைசி வரிசையில் பெரிய உழவு மிசின்கள், பின்புறத்தைத் திரைக்குக் காட்டியபடி. பெட்டியின் பின்பலகையை இறக்கி, வைக்கோல் பரப்பி, மேலே படங்கு விரித்தால் குடும்பமே சாய்ந்து பார்க்கலாம். பெட்டித் தளம் உயரம் என்பதால் ஹொலிங்ஸ்ஹெட் போட்ட மண்மேடு இங்கே தேவைப்படவில்லை. கடைசி வரிசை திரையிலிருந்து சுமார் 45 மீற்றர். ஒலிபெருக்கி திரையடியில் இருந்த ஒற்றைக் கூம்பு. "வாய் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம்" என்று பின்வரிசையினர் சொன்னதைக் குழு முதலில் மட்டமான தட்டின் குறை என்று எழுதியது. முன்வரிசையினர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 45 மீற்றர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.13 செக்கன் பிடிக்கும். மூன்று படச்சட்டங்களுக்கு மேல் பிந்தும். குறை தட்டில் இல்லை, தூரத்தில்.

பருவம் காலபோக அரிவு வெட்டு முடிந்து, மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. கையில் காசும், வேலையில்லாத உழவு மிசினும், காய்ந்த தரையும் அப்போதுதான் ஒன்றாகக் கிடைக்கும். சோளகக் காற்று எழும்பினால் திரை நிற்காது. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்றே அந்த அளவு சீலையில் 130 கிலோ பாரம் போல் தள்ளும். கீழ் ஓரத்தை இறுக்காமல் மண்மூடையில் கயிறு கட்டி நெகிழவிட்டது அதற்கான உபாயம். ஆனாலும் ஆடியில் காட்சி இல்லை. மாரியிலும் இல்லை.

மூடியது ஏன்

"சண்டை தொடங்கினதோட நிண்டது" என்பதே ஊரின் பதில். மெக்கானிக்கின் பதில் வேறு. 2006 கோடையில் ஒரு நாள் படம் ஓடிக்கொண்டிருக்கையில் ஜெனரேற்றரில் எண்ணெய் தீர்ந்தது. புரொஜெக்டர் விளக்கு மிகுந்த வெப்பத்தில் எரிவது; அணைத்த பின்னும் விசிறி ஒன்றிரண்டு நிமிடம் ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். மின் ஒரேயடியாக நின்றால் விசிறியும் நிற்கும். அப்படிச் சில தடவை நடந்து, கடைசியில் விளக்கு வெடித்தது. புது விளக்குக் கொழும்பிலிருந்து ஓமந்தை வழியாக வரவேண்டும். சொல்லி அனுப்பிய நிலையில் ஆவணி வந்தது. பாதை பூட்டப்பட்டு, பொருட்களுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இறுகியது. விளக்கு வரவில்லை.

இரண்டு பதிலையும் அருகருகே எழுதுவதென்று குழு முடிவெடுத்தது. விளக்கு வந்திருந்தாலும் ஆவணிக்குப் பின் திரை எழும்பியிருக்குமா என்பது ஐயமே.

நாடாக்கள்

நடத்தியவர் 2009க்குப் பின் உயிரோடு இல்லை. அவருடைய மனைவி ஓர் உரப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். 2008இல் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேறிய பின் எடுத்தது. உள்ளே விஎச்எஸ் வீடியோ நாடாக்கள். பெரும்பாலானவற்றின் கண்ணாடி வழியே சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சணம் தெரிந்தது.

மனைவி ஏற்கெனவே ஒன்றை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்திருந்தார். கடைக்காரர் அப்படியே டெக்கில் போட்டிருக்கிறார். ஒட்டியிருந்த சுற்று இழுபட்டு நாடா மடிந்து நசுங்கியது; நாடாவை வாசிக்கும் டெக்கின் தலையிலும் பூஞ்சணம் பிடித்தது. ஆகவே எதையும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதே குழுவின் முதல் தீர்மானம். நாடாக்கள் வெயிலோ சூடோ காட்டாமல், சிலிக்கா பொதிகளுடன் மூடிய பெட்டியில் சில வாரம் வைக்கப்பட்டன. பின்னர் திருத்துநர், முகக்கவசத்தோடு, வெளித்திண்ணையில் வேலை செய்தார். பெட்டியின் அடியில் நடுவிலுள்ள சிறு துளையில் ஈர்க்கை விட்டு அழுத்தினால் சுருளின் பூட்டு விடுபடும். அப்போது விரலால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இலகுவாகச் சுற்றினால் நல்லது. ஒட்டினால் அதோடு நிறுத்த வேண்டும். ஐந்து திருகாணியைக் கழற்றிச் சுருள்களைப் புதிய கோதுக்கு மாற்றி, மூடி திறந்த ஒரு பழைய டெக்கில் முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, நார் உதிராத துணியால் விளிம்பு துடைக்கப்பட்டது. அந்த டெக் அழுக்கு வேலைக்கு மட்டும். நாடாவைக் கணினிக் கோப்பாக எடுக்க வேறொன்று. அதன் தலையை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த மான்தோலால், தோலை அசைக்காமல் பிடித்து உருளையைக் கையால் சுற்றித் துடைக்க வேண்டும். மேல்கீழாகத் தேய்த்தால் தலை உடையும்.

எதை எண்மியமாக்குவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. மாணவர்கள் எல்லாவற்றையும் என்றார்கள். ஆசிரியை மறுத்தார்: அந்தப் படங்கள் இதைவிட நல்ல பிரதியில் எங்கும் கிடைக்கும், உரிமையும் பிறருடையது, நேரமும் டெக்கின் ஆயுளும் மட்டானவை. அவர் வாதம் ஏற்கப்பட்டது. உறைகளும் கையெழுத்து லேபல்களும் மட்டும் எல்லாவற்றிலும் படம் பிடிக்கப்பட்டன. ஒரு லேபலில் இரவல் கொண்டுபோனவர்களின் பட்டியலும் ‘திருப்பிச் சுத்தவில்லை’ என்ற புகாரும் உண்டு.

ஆனால் 180 நிமிட நாடாவில் இரண்டரை மணித்தியாலப் படம் பதிந்தால் பின்னால் அரை மணித்தியாலம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பார்க்கலாம் என்றார் திருத்துநர். பல வெறும் புள்ளிமழை. ஒன்றில் சாமத்திய வீடு ஒன்றின் ஒளிப்பதிவு இருந்தது: பந்தல், தோழிப் பெண்கள், ஆலாத்தி. இடம்பெயர்வுகளில் படமெல்லாம் தொலைந்த ஒரு குடும்பத்தினுடையது அது. குழு அதை முழுதாகப் பார்க்காமல் நிறுத்தி, குடும்பத்தைத் தேடி, அவர்களை முதலில் பார்க்கவிட்டது. 720க்கு 576 புள்ளி அளவில் எடுத்த கோப்பு அவர்களுக்கே கொடுக்கப்பட்டது. வாசிகசாலையில் பிரதி வேண்டாம் என்றார்கள்; வைக்கப்படவில்லை.

சித்திரைக் காட்சி

திரை இறுதியில் கட்டப்பட்டது. வர்த்தகப் படம் எதுவும் போடவில்லை; உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பொதுக்காட்சி கூடாது என்பது ஒரு காரணம், எல்லோர் கைத்தொலைபேசியிலும் படம் இருக்கிறது என்பது மற்றொன்று. சம்மதம் தந்தவர்களின் குரல்களை, காணியின் வரைபடத்தோடும் லேபல் படங்களோடும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஓடவிட்டார்கள். மேற்கு எல்லையில் திரை, இரட்டைச் சீலை, வாடகைக்கு எடுத்த 3,000 லூமென் புரொஜெக்டர். பழைய விளக்கின் பாடத்தால் 650 விஏ யூபிஎஸ் ஒன்றும் இடையில் வைக்கப்பட்டது. மின்சாரம் போனாலும் விசிறி சில நிமிடம் ஓடப் போதும். அன்று மின் போகவில்லை.

எதிர்பாராதது, சனம் திரையோடு வாதாடியது. வரைபடத்தில் கச்சான் விற்ற அம்மாவை வாசலுக்கு வலப்புறம் போட்டிருந்தது. இல்லை, இடப்புறம், வேம்படியில் என்று பலர் எழும்பிச் சொன்னார்கள். ரிக்கற் கிழித்தவர் யார் என்பதிலும் திருத்தம் வந்தது. மாணவர்கள் டோர்ச் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டார்கள். திருத்திய வரைபடம் இப்போது வாசிகசாலைச் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் கயிற்றில் ஒரு பென்சில். வாசிகசாலைக்குச் சேர்ந்த நிதி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அன்று இலவசமாக விட்டதால் அது நியாயம்தான்.

மாற்ற வேண்டியவை

இன்னொரு ஊரில் செய்வதானால் மெக்கானிக்கிடம்தான் முதலில் போக வேண்டும். பார்த்தவர்கள் அந்த இரவின் ஒரு மூலையைத்தான் அறிவார்கள். எண்ணெய் விட்டவருக்குத் தொடக்கமும் முடிவும் தெரியும். வீட்டுத் திண்ணையில் எடுத்த பதிவுகளைவிட, பொழுதுபட்ட நேரம் காணிக்கே கூட்டிச் சென்று, இருந்த இடத்தில் நிற்கவைத்து எடுத்தவை பல மடங்கு செறிவானவை. ஆனால் சோளகக் காற்றில் கைத்தொலைபேசியின் ஒலி பாழாகிறது. சட்டையில் குத்தும் சிறு மைக்கும் அதற்கொரு பஞ்சுறையும் தொடக்கத்திலேயே வாங்கியிருக்க வேண்டும்.

சம்மதம் ஒரே கேள்வியாகக் கேட்கப்பட்டது பிழையான ஒழுங்கு. குரலைக் கேட்கவிடலாமா, எழுத்தில் மட்டுமா, பெயரின்றியா என்று பிரித்துக் கேட்ட பின்னரே பலர் தயக்கம் விட்டார்கள். 2009ஐப் பற்றிக் கேட்பதில்லை என்ற விதி சரியாக இருந்தது. சொல்பவர் தானாக அங்கே போனால் பதிவை நிறுத்திவிட்டு இருந்து கேட்பது, எழும்பிப் போகாமல் இருப்பது. மாணவர்களை அப்படியான வீடுகளுக்குத் தனியே அனுப்பக்கூடாது. ஆசிரியை கூடவே போனார்.

பதிவுகள் இரண்டு வன்தட்டுகளில் உள்ளன: ஒன்று வாசிகசாலையில், மற்றது கிளிநொச்சி நகரில் ஒருவர் வீட்டில். கோப்புப் பெயரில் ஆள் பெயர் இல்லை; இலக்கம் மட்டும், இலக்கத்துக்குரிய பெயர்ப்பட்டியல் கொப்பியில் வேறாக. ஒட்டிப்போன நாடாக்கள் திறக்கப்படாமல் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் சிலிக்கா மாற்ற வேண்டும். திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தவர்களில் பலர் இப்போது வெளிநாட்டில். அவர்களிடம் தொலைபேசியில் கேட்கும் வேலை உயர்தர வகுப்பின் அடுத்த அணியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.